ஆயிரம் பட்டியலில் ஒரு பெயர்

வடமாலபேட்டையிலிருந்து போன் வந்தபோது இரவு ஒன்பது மணி. திருத்தணி, நகரி, புத்தூர் தாண்டித் திருப்பதிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடக்கும் ஊர் அது. அங்கே நெடுஞ்சாலையை ஒட்டி எட்டு அறைகளும் ஒரு மெஸ்ஸும் வைத்திருக்கிறார், எனக்குப் பல வருடமாகப் பழக்கமான ஒருவர். வீட்டில் தமிழ், கல்லாவில் தெலுங்கு, பில்லில் ஆங்கிலம் என்று மும்மொழித் திட்டத்தை யாரும் வற்புறுத்தாமலே அமல்படுத்தியவர். மகன் கல்லூரியில் படிக்கும்போது செய்து கொடுத்த ஒரு வெப்சைட்டும் உண்டு. அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் அவருக்குக் குறை.

"சார், ஆயிரம் டைரக்டரில நம்ம பேரைப் போட்டுத் தர்றாங்களாம். ஆறாயிரம் ரூபா கேக்கறாங்க. ஒரு தடவை போட்டுட்டா ஆயுசுக்கும் இருக்குமாம். கூகுள்ல தேடினா முதல் பக்கத்துல நாமதான் நிப்போமாம். குடுத்துடலாமா?"

எட்டு அறையும் ஒரு நாள் முழுக்க நிரம்பினால்தான் அவருக்கு ஆறாயிரம் தேறும். அப்படி நிரம்புவது புரட்டாசியிலும் சில சனிக்கிழமைகளிலும் மட்டுமே. அந்த ஆயிரம் டைரக்டரிகளின் பட்டியலை முதலில் வாங்கி அனுப்புங்கள் என்றேன்.

மறுநாள் காலை வந்து சேர்ந்தது. ஒரு நீண்ட எக்ஸெல் கோப்பு. வரிசை எண், பெயர், முகவரி. ஆயிரத்தையும் பார்க்கப் பொறுமை இல்லை. முதல் ஐம்பதைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. சில முகவரிகள் 'விற்பனைக்கு' என்ற பலகையைக் காட்டின. ஒன்று சூதாட்டத் தளமாக மாறியிருந்தது. ஏழாவது வரியில் யாஹூ டைரக்டரி, பன்னிரண்டாவது வரியில் டிமாஸ். யாஹூ தன் டைரக்டரியை மூடியது 2014 டிசம்பரில். டிமாஸ் மூடப்பட்டது 2017 மார்ச் 17ல். ஆக, என் நண்பர் கொடுக்கவிருந்த ஆறாயிரத்தில் இரண்டு சமாதிகளுக்கும் பங்கு இருந்தது.

சமாதியானவை ஒரு காலத்தில் ஜீவனோடு இருந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். 1994ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ என்ற இரு ஆராய்ச்சி மாணவர்கள், தங்களுக்குப் பிடித்த வெப்சைட்டுகளைத் தலைப்பு வாரியாக எழுதி வைக்க ஆரம்பித்தார்கள். அதற்கு வைத்த முதல் பெயரே 'ஜெர்ரியும் டேவிட்டும் காட்டும் வழி' என்ற பொருளில்தான் இருந்தது. அதுவே யாஹூ ஆயிற்று. அப்போதும் தேடு இயந்திரங்கள் இருந்தன. ஆனால் அவை பக்கத்தில் உள்ள சொற்களை எண்ணிப் பார்க்கும், அவ்வளவுதான். ஓட்டல் என்ற சொல்லை நூறு முறை எழுதியவன் நல்ல ஓட்டல்காரன் என்று நம்பிவிடும். யாஹூவில் அப்படி நடக்காது. நீங்கள் ஒரு படிவத்தை நிரப்பி, எந்தத் தலைப்பின் கீழ் வர வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்கள் தளத்தைத் திறந்து, படித்து, தகுதி உண்டென்று தோன்றினால் சேர்ப்பார். இடையில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஸ்ரீநிஜா சீனிவாசன் என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணிடம் இருந்தது. 1995ல் யாஹூவின் ஐந்தாவது ஊழியராகச் சேர்ந்தவர். இன்டர்நெட்டின் லைப்ரரியன் என்று அவரைச் சொன்னால் தவறில்லை. அவர் எதிர்கொண்ட சிக்கல் நம்மூர்க்காரர் ஒருவருக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த சிக்கல்.

சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924ல் பொறுப்பேற்றார். கணக்கு வாத்தியார். நூலகக் கல்விக்காக லண்டன் போன இடத்தில், கடையொன்றில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே பட்டை, அதே திருகு. மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு உருவம். நூல் வகைப்பாட்டையும் இப்படிச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். 1933ல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறையில் ஒரு நூலுக்கு ஒரே ஒரு பெட்டி கிடையாது. பொருள், செயல், இடம், காலம் என்று தனித்தனிக் குறியீடுகள். அவற்றைக் கோத்து நூலின் எண்ணைச் செய்துகொள்ளலாம்.

யாஹூ மரம்போல் வளர்ந்தது. கிளை, கிளைக்குள் கிளை. இப்போது வடமாலபேட்டை லாட்ஜை எந்தக் கிளையில் உட்கார வைப்பீர்கள்? ஆந்திரப் பிரதேசமா, தங்கும் விடுதியா, புனித யாத்திரையா? பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் பேசி அறை கொடுக்கிறார் என்பதை எங்கே சொல்வது? ஒரு கிளையில் வைத்தால் மற்றக் கிளைகளில் தேடுகிறவன் கண்ணில் படாது. ரங்கநாதன் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இருந்தாலும் தமிழுக்கு அந்த மனிதக் கண்கள் மிகவும் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று மறந்துவிட்டோம். இந்தியாவில் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15ல். அதன் பிறகு பத்தாண்டுகள் தமிழ்த் தளங்களுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடு அமையவில்லை. ஆளுக்கொரு ஃபான்ட். ஒரு பத்திரிகையின் தளத்தைப் படிக்க ஒரு எழுத்துரு, அடுத்த பத்திரிகைக்கு வேறொன்று. கம்ப்யூட்டருக்குள்ளே 'அ' என்பது ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்தாகக் கிடக்கும். ஃபான்ட்டைப் போர்த்திய பிறகுதான் தமிழாகத் தெரியும். தேடு இயந்திரத்துக்கு ஃபான்ட் தெரியாது. அதன் கண்ணுக்கு முழுத் தமிழ்ப் பக்கமும் அச்சுக்கோத்தவர் தட்டிவிட்ட எழுத்துப் பெட்டிபோலச் சிதறிக் கிடந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற இரு குறியீடுகளைத் தந்தது. இணையத்துத் தமிழர்கள் ஒன்றுகூடி வகுத்த டிஸ்கி வேறொரு பக்கம் ஓடியது. யூனிகோடு பரவலாகி, தமிழக அரசு அதை ஆணை போட்டு ஏற்றுக்கொண்டபோது 2010 ஆகிவிட்டது. அதுவரை ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டித் தமிழ்ப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது குருட்டு அதிர்ஷ்டம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற பெரிய முயற்சிகளைக்கூட வாசகர்கள் கண்டடைந்தது, யாரோ ஒருவர் படித்துவிட்டு 'இங்கே இன்னது இருக்கிறது' என்று எழுதி வைத்த பட்டியல்களின் வழியேயும் வாய்மொழியாகவும்தான். 2004ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணமும் இந்த வகைதான். தமிழில் எழுதுகிறவர் தன் முகவரியைக் கொடுத்துச் சேர்ந்துகொள்ள வேண்டும். மறுநாளே எங்கிருந்தோ பத்து வாசகர்கள் வந்து நிற்பார்கள். பட்டியலில் பெயர் சேர்ந்தால் ஆள் வரும் என்ற நம்பிக்கை பொய்யில் பிறந்ததல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தியாவில் அந்த நம்பிக்கைக்குப் பெரிய விலையும் கிடைத்தது. ராஜேஷ் ஜெயின் 1995ல் தொடங்கிய இந்தியாவேர்ல்டு நிறுவனத்தின் தளங்களில் ஒன்று கோஜ். இந்தியத் தளங்களைத் தேட உதவும் டைரக்டரி. 1999 நவம்பரில் சத்யம் இன்ஃபோவே இந்தியாவேர்ல்டை வாங்கக் கொடுத்த விலை 499 கோடி ரூபாய். ஒரு பட்டியல், சில செய்திகள், கொஞ்சம் கிரிக்கெட், கொஞ்சம் சமையல் ஆகியவற்றுக்கு இவ்வளவா என்று நாடே வாயைப் பிளந்தது.

அதற்குள் அமெரிக்காவில் ஆட்டத்தின் விதி மாறியிருந்தது. லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் 1998ல் கூகுளைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்களிலிருந்து எத்தனை இணைப்புகள் வருகின்றன, அந்தப் பக்கங்களுக்கு என்ன மதிப்பு என்று கணக்கிடுவது அவர்கள் முறை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணுவதுபோல. இணைப்பு என்பது ஓட்டு. பெரிய மனிதர் போட்ட ஓட்டுக்கு எடை அதிகம்.

இந்தக் கணக்கில் யாஹூ டைரக்டரியும் டிமாஸும் பெரிய மனிதர்கள். டிமாஸ் 1998 ஜூனில் தொடங்கிய திறந்த டைரக்டரி. சம்பளம் வாங்காத ஆசிரியர்கள் நடத்தியது. உலக மொழிகளுக்கான கிளையில் தமிழுக்கும் ஓர் இடம் இருந்தது. மூடும்போது 90 மொழிகளில் 38 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதில் இருந்தன. அதன் ஆயுளில் பணியாற்றிய ஆசிரியர்கள் 90 ஆயிரத்துக்கும் மேல். அதன் பட்டியலை யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கூகுளே எடுத்துப் போட்டது. 2000லிருந்து 2011 வரை கூகுள் டைரக்டரி என்று ஒன்று இருந்ததே, அது டிமாஸின் நகல். ஆகவே டிமாஸில் ஓரிடம் கிடைத்தால் நூற்றுக்கணக்கான தளங்களில் உங்கள் பெயர் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு ஓட்டு.

விலை ஏறாமல் இருக்குமா? வணிகத் தளங்களைப் பரிசீலிக்க யாஹூ ஆண்டுக்கு 299 டாலர் வாங்கியது. அது பார்ப்பதற்கான கட்டணம். சேர்ப்பதற்கான உத்தரவாதம் கிடையாது. டிமாஸ் இலவசம், ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பதிலே வராது. சில ஆசிரியர்கள் தங்கள் போட்டியாளரை வெளியே நிறுத்திவிடுகிறார்கள் என்ற புகாரும் எழுந்தது. பெரிய கோயிலில் கூட்டம் தாங்காவிட்டால் சுற்றிலும் சின்னச் சின்ன உண்டியல்கள் முளைப்பது வழக்கம். ஆயிரக்கணக்கில் டைரக்டரிகள் முளைத்தன. யாரும் படிக்காத, யாரும் தேடிப் போகாத, கூகுளின் கண்ணில் ஓட்டாகப் படுவதற்கென்றே பிறந்த டைரக்டரிகள்.

அந்தத் தொழிலில் எனக்கும் பங்கு உண்டு. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டுப் பத்திரிகை வேலை நிலைக்காமல் அலைந்த நாட்களில், சென்னையில் ஒரு மாடி அறையில் சுமார் ஓராண்டு இந்த வேலை பார்த்தேன். தளத்தைப் பற்றி 25 சொற்களில் ஒரு விவரம் எழுத வேண்டும். டிமாஸுக்கு என்றால் மிகைச் சொல் கூடாது. 'மிகச் சிறந்த' என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது. அடை மொழியில்லாமல் ஒரு கடையைப் பற்றி எழுதிப் பாருங்கள், கடையைப் பற்றி உண்மையிலேயே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வேலையின் பெரும்பகுதி அதுவல்ல. அதே 25 சொற்களை முப்பது விதமாக மாற்றி எழுத வேண்டும். ஒரே வாசகம் பல இடங்களில் இருந்தால் இயந்திரம் கண்டுபிடித்துவிடுமாம். சிறந்த, தரமான, நம்பகமான, உயர்ந்த, உன்னதமான. நன்னூலில் ஒருபொருட் பன்மொழி என்று படித்தது இதற்குத்தான் போலும் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு விவரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நான் எழுதிய ஆயிரக்கணக்கான விவரங்களில் ஒன்றையாவது ஒரு மனிதர் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கூகுள் சும்மா இருக்கவில்லை. 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற மாற்றம் சரக்கில்லாத தளங்களைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரல் 24ல் வந்த பெங்குவின், காசு கொடுத்து ஓட்டுச் சேர்த்தவர்களைக் குறிவைத்தது. முதல் பக்கத்தில் இருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் காணாமல் போயிருந்தார்கள். அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சேர்க்கச் சொல்லிப் பணம் கொடுத்தவர்கள், தயவுசெய்து எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அதே டைரக்டரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். எடுப்பதற்கும் சில டைரக்டரிகள் கட்டணம் கேட்டன. 'இந்த இணைப்புகளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று அறிவிப்பதற்கே 2012 அக்டோபரில் கூகுள் ஒரு கருவியைத் தர வேண்டியதாயிற்று. 2016ல் பெங்குவினை மறுபடி திருத்தினார்கள். அன்றிலிருந்து இப்படிப்பட்ட ஓட்டுகளுக்குப் பெரும்பாலும் தண்டனை இல்லை; அவை செல்லாத ஓட்டுகள். எண்ணப்படாது. தரமற்ற டைரக்டரி இணைப்புகளை மோசடி வகையில் சேர்த்து கூகுளின் விதிகளே வெளிப்படையாகச் சொல்கின்றன. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதும் அவர்கள் பகிரங்கமாகச் சொல்வதுதான்.

இதையெல்லாம் நண்பரிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் மகன் போனை வாங்கினான். "அங்கிள், ஆறாயிரம்தானே. போட்டுப் பார்த்தா என்ன நஷ்டம்?" அப்பாவின் கல்லாவில் உட்கார்ந்து பழகாத பிள்ளை.

நஷ்டம் உண்டு. ஆயிரம் இடத்தில் உங்கள் போன் நம்பர் பதிவாகும். வாடிக்கையாளர் வருகிறாரோ இல்லையோ, கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கிறவர்கள் வருவார்கள். அதைவிடப் பெரிய விஷயம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. திருப்பதியின் பெயரால் இன்டர்நெட்டில் நடக்கும் மோசடி சின்ன விஷயம் அல்ல. தரிசன டிக்கெட், அறை, சேவை என்று பக்தர்களிடம் பணம் பறிக்கும் போலித் தளங்கள் மீது திருமலை திருப்பதி தேவஸ்தானம் தொடர்ந்து புகார் கொடுத்து வருகிறது. 2023 ஏப்ரலில் புகார் செய்யப்பட்டது நாற்பத்தோராவது போலித் தளம். 2024 ஜனவரியில் தேவஸ்தானமே தன் அதிகாரபூர்வத் தளத்தின் பெயரை மாற்றியது. பழைய பெயரைத் தேடிப் போகும் பக்தரை மடக்கப் போலிகளுக்கு இன்னொரு வாய்ப்பு. யாரையும் விசாரிக்காமல் காசு வாங்கிச் சேர்க்கும் பட்டியலில் இப்படிப்பட்டவர்கள் வரமாட்டார்கள் என்பதற்கு என்ன காவல்? திருப்பதி அறைகள் என்ற தலைப்பில் ஒரு போலித் தளமும் என் நண்பரின் எட்டு அறைகளும் அடுத்தடுத்த வரியில் நிற்கும். ஒருமுறை ஏமாந்த பக்தர் அடுத்த வரியையும் நம்ப மாட்டார்.

பையன் யோசித்தான். "அப்போ எந்த டைரக்டரிலயும் போடவே வேண்டாமா?"

அப்படியும் இல்லை. வி.எஸ்.எஸ். மணி 1996ல் மும்பையில் தொடங்கிய ஜஸ்ட் டயல் போன் மூலம் விசாரிப்பவர்களுக்குக் கடை முகவரி சொல்லித்தான் வளர்ந்தது. சுலேகா, இந்தியாமார்ட் என்று இன்னும் சில. இவற்றை மனிதர்கள் திறந்து பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போனில் இருக்கும் வரைபடம். இன்று உண்மையான டைரக்டரி அதுதான். கடையைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. கடை உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் உள்ள கடைகளை வரிசைப்படுத்தத் தாங்கள் பார்ப்பது பொருத்தம், தூரம், பெயர் பெற்ற நிலை ஆகிய மூன்றும்தான் என்கிறது கூகுள். ஒரு பட்டியலில் சேரலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அறை தேடும் உங்கள் வாடிக்கையாளர் அதைத் திறந்து பார்ப்பாரா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே வடமாலபேட்டைக்குப் போனேன். மெஸ்ஸில் இட்லி ஆன பிறகு, மேஜையைத் துடைத்துவிட்டு மூவரும் உட்கார்ந்து அவர் பெயர் எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று பார்த்தோம். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

முதல் தொல்லை ஊரின் பெயர். தெலுங்கில் வடமாலபேட்ட. தமிழில் வடமாலபேட்டை என்றும் வடமாலைப்பேட்டை என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. லாட்ஜின் பெயரும் மூன்று இடங்களில் மூன்று விதம். இயந்திரத்துக்கு இவை மூன்று வெவ்வேறு லாட்ஜுகள். சாலை இடது பக்கம் இருக்கும் கட்டடத்துக்கு ஒரு வரைபடத்தில் வலது பக்கம் குறி. இன்னோரிடத்தில் எட்டு வருடம் முன்பு சரண்டர் செய்த லேண்ட்லைன் நம்பர். இத்தனை நாள் அதற்குப் போன் செய்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அடுத்தது மாவட்டம். ஒரு காலத்தில் இந்தப் பகுதி வட ஆற்காடு. 1911ல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. 1953ல் ஆந்திர மாநிலம். 1960ல் பக்கத்துத் திருத்தணி தமிழகத்துக்குப் போனது. இது இங்கேயே நின்றது. 2022 ஏப்ரல் 4ல் ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது வடமாலபேட்டையும் புத்தூரும் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. நகரி சித்தூரிலேயே தங்கிவிட்டது. ஊர் ஒரு அடி நகரவில்லை, முகவரி மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. நண்பரின் வெப்சைட்டில், பில்லில், வரைபடத்தில், எல்லாவற்றிலும் இன்னும் சித்தூர் மாவட்டம். சித்தூர் நகரம் திருப்பதிக்கு வேறு திசையில் வெகு தூரம் என்று தெரிந்த பக்தர், இது நமக்கு வழியில் இல்லை என்று அடுத்த லாட்ஜைப் பார்த்துவிடுவார். மாவட்டப் பெயரில் திருப்பதி என்ற சொல் சும்மா கிடைத்திருக்கிறது. அதை மூன்று வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டவர், ஆயிரம் பட்டியலுக்கு ஆறாயிரம் கொடுக்கத் தயாராக இருந்தார்.

பெயர்களைச் சரிசெய்தோம். பிறகு வெப்சைட்டுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன், பின்னர் தெலுங்கில். என்ன எழுதுவது? "போன்ல ஜனங்க என்னென்ன கேக்கறாங்களோ அதைச் சொல்லுங்க" என்றேன். அவர் மடமடவென்று சொன்னார். விடியற்காலையில் திருப்பதிக்கு பஸ் உண்டா? வெந்நீர் எத்தனை மணி வரை? நடந்து வரும் கோஷ்டியில் இருபது பேர், ஒரே கூடத்தில் படுக்க முடியுமா? வேன் நிறுத்த இடம் உண்டா? அப்பலாயகுண்டா பிரசன்ன வேங்கடேஸ்வரர் கோயிலுக்கு இங்கிருந்து எப்படிப் போவது? அந்தக் கோயில் இதே மண்டலத்தில்தான் இருக்கிறது, அவருடைய தளத்தில் அதன் பெயரே இல்லை. வடமாலபேட்டை என்று தட்டித் தேடுகிறவர்கள் சொற்பம். திருப்பதி பக்கத்தில் ரூம் என்றுதான் தேடுவார்கள், இப்போது பலர் வாயாலேயே கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் தமிழில் பதில் இருந்தால் இயந்திரம் கண்டுகொள்ளும். ஃபான்ட் தொல்லையெல்லாம் ஒழிந்த காலத்தில் அதைச் செய்யாமலிருக்கக் காரணமே இல்லை. அடை மொழி ஒன்றுகூடப் போடவில்லை. பழைய டிமாஸ் ஆசிரியர் யாராவது பார்த்தால் வெட்டாமல் விடுவார்.

புரட்டாசியில் வருடம் தவறாமல் தங்கிப் போகும் பாதயாத்திரைக் குழுக்கள் ஐந்தாறு உண்டு. அவற்றில் இரண்டுக்குச் சொந்தமாக வெப்சைட்டே இருக்கிறது. எங்கெங்கே தங்கினோம் என்று அவர்கள் எழுதும்போது உங்கள் பெயரையும் இணைப்பையும் போடச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "ரெண்டே ரெண்டு இடமா?" என்றார். ஆயிரத்தோடு ஒப்பிட்டால் இரண்டு எண்ணிக்கையில் அற்பம்தான்.

அப்போதுதான் புத்தூர்க் கட்டு ஞாபகம் வந்தது. இதே சாலையில், புத்தூரை அடுத்த கிராமத்தில் எலும்பு முறிவுக்கு மூலிகைக் கட்டுப் போடும் குடும்பம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. கை உடைந்தால் புத்தூர் போ என்று மூன்று மாநிலங்களில் சொல்வார்கள். எந்த டைரக்டரியிலும் அவர்கள் விண்ணப்பம் போட்டு அந்தப் பெயர் பரவவில்லை. மாறாக, தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் 'புத்தூர்க் கட்டு வைத்தியசாலை' என்று போர்டு தொங்குகிறது. அவற்றில் எதற்கும் புத்தூருக்கும் என்ன உறவு என்பது எலும்புக்கே வெளிச்சம். "உங்க லாட்ஜைப் பத்தி ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சொல்றதும், புத்தூர்ப் பேரை போர்டுல எழுதித் தொங்கவிடறதும் ஒண்ணா?" என்று கேட்டேன். நண்பர் தலையாட்டினார். அவர் முழங்கையில் பத்து வருடம் முன்பு கட்டியது அந்தக் கட்டுதான்.

அன்று மாலை நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஏஜெண்ட் கூப்பிட்டான். நண்பர் போனை என்னிடம் நீட்டினார். குரலில் இருபது, இருபத்தொரு வயது. "சார், ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுது சார்."

"உங்க லிஸ்ட்ல பன்னிரண்டாவதா இருக்கற டிமாஸ் 2017லயே மூடியாச்சு, தெரியுமா தம்பி?"

சற்று மௌனம். "லிஸ்ட் மேல இருந்து குடுத்தது சார். நாங்க பேசறது மட்டும்தான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "டிமாஸுன்னா என்ன சார்?"

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாடி அறையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவன். மாத முடிவுக்குள் இத்தனை பேர் என்று கணக்கு இருக்கும். டிமாஸ் என்றால் என்ன என்று இரண்டு நிமிடம் சொன்னேன்; கவனமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, அந்தப் பட்டியலில் திறக்கிற தளங்கள் எவை என்று அவனே ஒருநாள் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். பார்ப்பானா என்று தெரியாது.

இரண்டு மாதம் ஆகிறது. லாட்ஜ் நிரம்பி வழிகிறது என்று சொல்ல மாட்டேன். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சிலர் போன் செய்திருக்கிறார்கள். இருபது பேர் படுக்கும் கூடத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்களாம். வரைபடத்தில் குறி இடது பக்கத்துக்கு வந்துவிட்டது. வாசலில் இருக்கும் பலகையில் மட்டும் இன்னும் சித்தூர் மாவட்டம். பெயின்டர் புரட்டாசி முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.